நாரிக்குப் பன்னிரண்டு கிழமை

பேனையை வேண்டுமென்றே தரையில் விழுத்துவதை ஒரு காலத்தில் என் கெட்டித்தனமென்று நினைத்திருந்தேன். அதனால் ஒரு மனிதரின் நாரியும் பெயரும் கெட்டன. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப்போவது கொரியாவுக்குப் போய் மூன்று மாதம் வைத்தியம் செய்துவந்த கதை. இதை விட்டுவிட்டு அதை மட்டும் எழுதினால், அந்தக் காலத்தில் நான் எழுதிய துண்டுகளோடு அதுவும் இன்னொரு பொய்த்துண்டாகப் போய்விடும்.

நாற்பது வருடங்களுக்கு முன் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் ஒரு சீமெந்துக் களஞ்சியத்தில் நலன்புரி உத்தியோகத்தனாக இருந்தேன். வைத்தியர் கிழமைக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் சுகமில்லை என்று வரும் தொழிலாளிக்கு ஓய்வு கொடுப்பதா, வேலைக்குத் திருப்பி அனுப்புவதா என்று துண்டு எழுதுவது என் பொறுப்பு. காய்ச்சலென்றால் வெப்பமானி வைத்துப் பார்க்கலாம். காயமென்றால் கண்ணுக்குத் தெரியும். நாரி நோவுக்கு ஒன்றுமில்லை. நாரி என்று எங்கள் பக்கத்தில் சொல்வது முதுகின் அடிப்பகுதியை. மூட்டை தூக்குகிறவர்களில் பாதிப்பேர் அந்த நோவோடுதான் என்னிடம் வந்தார்கள்.

ஆகவே நானாக ஒரு சோதனை கண்டுபிடித்தேன். அவர்கள் என் மேசைக்கு முன்னால் நிற்பார்கள். கதிரை கொடுப்பதில்லை. கதைத்துக்கொண்டிருக்கும்போதே முழங்கை பட்டதுபோலப் பேனையை மேசையின் மறுபக்கம் உருட்டிவிடுவேன். அது அவர்களின் காலடியில் விழும். 'சேர்' என்று அவர்கள் கூப்பிடும் நானே எழும்பிவந்து எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்ற ஒரு தொழிலாளியையும் நான் கண்டதில்லை. குனிந்து எடுத்து, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டபடி, மரியாதையாக மேசையில் வைப்பார்கள். அதே பேனையால் எழுதுவேன்: 'வேலைக்குத் தகுதி.'

குறிஞ்சாக்கேணி ஹனீபாவுக்கும் அப்படித்தான் எழுதினேன். அவர் கேட்டது மூன்று நாள் ஓய்வு. துண்டைக் கொடுத்ததோடு நிற்காமல், வெளியே வரிசையில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "இந்தாள்ட நாரி கள்ள நாரி" என்று உரத்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்று பின்னேரம், லொறிக்கும் களஞ்சியத்துக்கும் இடையே போட்டிருந்த பலகையிலிருந்து ஹனீபா மூட்டையோடு விழுந்தார். அதன்பிறகு அவர் மூட்டை தூக்கவில்லை. நான் போய்ப் பார்க்கவும் இல்லை. 'சொந்தக் கவனயீனம்' என்று குறிப்பெழுதிக் கையெழுத்து வைத்தேன். பேனை விழுத்தும் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லிப் பல தடவை சிரிப்பு வாங்கியிருக்கிறேன். ஹனீபா விழுந்த கதையை ஒருவருக்கும் சொன்னதில்லை.

பிறகு என் நாரியும் கெட்டது. மூட்டை தூக்கியல்ல, கதிரையில் இருந்து இருந்தே கெட்டது. எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு தேய்ந்து பிதுங்கிவிட்டதென்று கொழும்பில் படம் எடுத்துச் சொன்னார்கள். ஒன்பது வருடம் எண்ணெயும் குளிசையுமாக இழுத்தேன். மகள் மைதிலி பூசான் நகரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறாள். "இங்க கொரிய வைத்தியம் எண்டு தனியா இருக்கு, அப்பா. ஒருக்கா வந்து பாருங்கோ" என்றாள். போனேன்.

பூசானும் துறைமுக நகரந்தான். மைதிலியின் வீட்டு ஜன்னலால் பார்த்தால் தூரத்தில் பாரந்தூக்கிகள் தெரியும். மலை, அதன் மடியில் வீடுகள், கீழே கடல் என்று முதற் பார்வைக்கு எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. ஆனால் எங்கள் துறை படுத்திருக்கும் மாடு. இது இழுத்துக்கொண்டு ஓடும் மாடு. முதல் நாள் முழுவதும் ஜன்னலருகே இருந்து பார்த்தேன். ஒரு மனிதனின் முதுகிலும் ஒரு மூட்டையைக் காணவில்லை.

மூன்றாம் நாள் வைத்தியசாலை. ஒரு மருந்துக்கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில். சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் செருப்பைப் போட வேண்டும். குனிய முடியாமல் நான் தடுமாற, மைதிலி கீழே குந்தியிருந்து கழற்றிவிட்டாள். உள்ளே ஏதோ மூலிகை புகையும் மணம். காத்திருந்தவர்களில் பாதிக்கு மேல் கிழவிகள். நாரி வளைந்து, பார்வை நிலத்தைப் பார்த்தபடி. சிலர் பிள்ளையில்லாத பிள்ளைவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். மீன்சந்தையில் ஆயுள் முழுக்கக் குந்தியிருந்தவர்களாம். நடக்க ஊன்றுகோலுக்குப் பதில் அந்த வண்டி.

வைத்தியர் ஐம்பது வயதுப் பெண். படங்களைப் பார்ப்பதற்கு முன் என் இரு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். எங்கள் ஊர் நாட்டு வைத்தியர் பரியாரியாரின் விரல்களே இவ்வளவு தூரம் வந்துவிட்டனவோ என்று இருந்தது.

"எத்தனை நாளில் சுகம் வரும் என்று கேள்" என்றேன் மைதிலியிடம்.

அவள் கேட்டாள். வைத்தியர் திருப்பிக் கேட்டார்: "எத்தனை நாளாக நோகிறது?"

"ஒன்பது வருடம்."

"ஒன்பது வருடம் வளர்த்ததை நாள்கணக்கில் கேட்கிறீர்கள்" என்று சிரித்தார். பிறகு விளக்கினார். குத்துகிற நோவு நாலைந்து கிழமையில் இறங்கக்கூடும். அது இறங்கியதும் சுகம் வந்துவிட்டதென்று நிறுத்துகிறவர்கள்தான் திரும்பி வருகிறார்கள். நாட்பட்ட நாரிக்குப் பன்னிரண்டு கிழமையாவது கொடுத்தால்தான் எதையும் சொல்லலாம். அப்போதும் முழுதாகப் போகும் என்று அவர் சொல்லமாட்டார். கிழமைக்கு இருமுறை ஊசி, கையால் எலும்பை நெறிப்படுத்துதல், காலை மாலை கசாயம், ஒவ்வொரு நாளும் நடை. படுத்தே கிடக்கவும் கூடாது, பாரம் தூக்கவும் கூடாது.

ஒரு தாளைத் தந்தார். நோவு எவ்வளவு என்று அதில் கேட்கவில்லை. என்ன செய்ய முடிந்தது என்று மட்டும் குறிக்க வேண்டும். முகம் கழுவுதல், காலுறை போடுதல், அரைமணி நேரம் இருத்தல் என்று போய், கடைசி வரி: தரையில் விழுந்ததை எடுத்தல். மைதிலி அதைத் தமிழில் வாசித்தபோது என் காது சூடாகியது.

ஊசி நான் பயந்த அளவுக்கு இல்லை. தலைமயிரளவு மெல்லிசு. குப்புறப் படுத்திருக்க, கீழே கட்டில் இதமாகச் சுடும். ஊசியெடுத்த பிறகு கிண்ணங்களைக் கவிழ்த்து உறிஞ்சவைப்பார்கள். முதுகெல்லாம் வளையல் அளவில் கறுத்த வட்டங்கள். கசாயம் சிறு பைகளில் அடைத்துத் தந்தார்கள். வேர்க்கொம்பும் அதிமதுரமும் அடையாளம் தெரிந்தன. மற்றதெல்லாம் அவர்கள் காட்டுச் சரக்கு. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தால், பக்கத்துக் கட்டில் கிழவி திரையை விலக்கிப் பார்த்துச் சிரிப்பாள்.

சாப்பாட்டில் எனக்குக் கஷ்டம் இருக்கவில்லை. பூசான்காரர் நெத்தலிக் கருவாட்டைச் சீனியும் எண்ணெயும் போட்டுப் பிரட்டி, சோற்றோடு சின்னக் கோப்பையில் வைக்கிறார்கள். கும்பளா மீனை முள்ளங்கியோடு உறைப்பாக அவிக்கிறார்கள். அதை ஊற்றிச் சாப்பிடும்போது வீட்டில் இருப்பதாகவே தோன்றும். சீனி வைத்த நெத்தலியைத்தான் மன்னிக்கமுடியவில்லை. ஒரு கடையில் எல்லோரும் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டியிருந்து சாப்பிட்டார்கள். எனக்கு இறங்க ஏலாது. கடைக்காரப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் நாலு மெத்தையைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு என்னைப் பார்த்தாள். ஏறி இருந்தேன். கோயில் விக்கிரகம்போல எல்லோருக்கும் மேலே இருந்து சாப்பிட்டேன்.

நோவு இருக்கிறது என்பதற்கு அந்தப் பெண் என்னிடம் சாட்சி கேட்கவில்லை. அது என்னை உறுத்தியது.

இரண்டாம் கிழமை, நிலத்தடி ரயிலில் என் கைத்தடி கையிலிருந்து நழுவி விழுந்தது. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை எட்டிக் குனிந்து எடுத்து, ஒரு கையால் நீட்டி, மற்றக் கையால் தன் முழங்கையைத் தொட்டுக்கொண்டு தந்தது. துறைமுகத்தில் என் மேசைக்கு முன்னால் நின்றவர்களின் அதே பாங்கு. நன்றி என்பதற்கு அவர்களின் சொல்லை மைதிலி சொல்லித் தந்திருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன்.

அடுத்த தடவை வைத்தியரிடம் ஒரு கேள்வி கேட்டேன். "ஒருவன் குனிந்து ஒரு பொருளை எடுக்கிறான். அவனுக்கு நாரி நோவு இல்லையென்று சொல்லலாமா?"

மைதிலி என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இல்லை" என்றார் வைத்தியர். "ஒருமுறை குனிவது பலருக்கும் முடியும். அதன் வினை பிறகுதான் தெரியும். சிலருக்கு அடுத்த நாள், சிலருக்கு அடுத்த பாரத்தில். அப்படிச் சோதிக்கும் வைத்தியரை நான் கண்டதில்லை. ஏன், உங்களை யாராவது அப்படிச் சோதித்தார்களா?"

"இல்லை. சும்மா கேட்டேன்" என்றேன்.

பஸ்ஸில் மைதிலி மெதுவாகச் சொன்னாள்: "அந்தப் பேனைக் கதையைத்தானே கேட்டனீங்கள்? நான் சின்னனில அதைப் பள்ளிக்கூடத்திலயும் சொல்லிச் சிரிச்சனான் அப்பா." நான் ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஐந்தாம் கிழமை அவளுக்கு வகுப்பு. தனியே போகிறேன் என்று வீரம் பேசிவிட்டு, சரியான இலக்க பஸ்ஸில் எதிர்த்திசைக்கு ஏறிவிட்டேன். அது என்னைக் கொண்டுபோய் மீன்சந்தையில் இறக்கியது. நடைபாதை முழுக்க மீன்பெட்டி, தண்ணீர், ஐஸ். வைத்தியசாலை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு முழித்தேன். நாரி முற்றாக வளைந்த கிழவி ஒருத்தி வந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். என்னை ஏசினாள். என்ன ஏச்சென்று தெரியாது, ஆனால் ஏச்சுத்தான். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீதியைக் கடந்து, வந்த பஸ்ஸை மறித்து, சாரதியையும் ஏசி, என்னை உள்ளே தள்ளினாள்.

நாற்பது நிமிடம் பிந்திப் போனேன். குப்புறப் படுத்து ஊசிகள் ஏறியபின், மைதிலி இல்லாததால் வைத்தியர் பக்கத்துக் கட்டிலைப் பார்த்து ஏதோ சொன்னார். திரைக்கு அப்பாலிருந்து ஓர் ஆண்குரல், தமிழில்.

"ஐயா, போன முறை ஊசி போட்ட எடம் கண்டிப்போனதா எண்டு கேக்கிறாங்க."

நான் தலையைத் தூக்கினேன்.

"ஆடாதீங்க ஐயா, ஊசி நிக்குது."

"தம்பி எந்த ஊர்?"

"கிண்ணியா. அதிலயும் குறிஞ்சாக்கேணி. பேர் ரிஸ்வான். ஐயா?"

"திருகோணமலை டவுன்."

"அட! பாலத்துக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும். இம்பட்டுத் தூரம் வந்து ரெண்டு பேரும் ஒரே மாதிரி குப்புறக் கெடக்கம் பாத்தீங்களா?"

சிரித்தோம். சிரிக்க ஊசிகள் குத்தின. இரும்புக் குழாய் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. முப்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் ஒரு மகளும். நாலு மாதமாக நாரி பிடித்திருக்கிறது.

"போர்மன் நம்புறானில்ல ஐயா. நடிக்கிறன் எண்டு செல்றான். இத விட உம்மாட கதைதான் பெரிசு. 'மவன், நீயும் கள்ளநாரியாப் போனியா?' எண்டு போன்ல கேக்கிற."

"கள்ளநாரி?"

"எங்கட ஊர்ல ஹனீபா காக்கா எண்டு ஒராள். கள்ளநாரி ஹனீபா. நான் பொறக்க முந்தின கதை. ஹாபர்ல நாரி நோவெண்டு லீவு கேட்டுப் போனாராம். சேர் ஒராள்ட பேனை விழுந்திச்சாம். இவர் டக்கெண்டு குனிஞ்சு எடுத்துக் குடுத்தாராம். அதோட அம்புட்டார், பொய்யெண்டு!"

அவர் சிரிப்பது கட்டில் ஆடும் சத்தத்தில் தெரிந்தது. என் முகம் கட்டிலில் முகம் வைக்கும் ஓட்டைக்குள் இருந்தது. கீழே தரை மட்டுந்தான் தெரிந்தது.

"அவர் இருக்கிறாரா?"

"இரிக்கார். வளைஞ்சுதான் நடக்கிற. மவன் கடை போட்டிரிக்கார். போர்டுல ஒரு பேர் எழுதிக் கெடக்கு, ஆரும் அதப் பாக்கிறல்ல. 'கள்ளநாரிட கடை'தான். பகிடிதான் ஐயா. ஆனா இப்ப எனக்கு வந்த பொறகு அந்தப் பகிடி பிடிக்கல்ல." பிறகு கேட்டார். "ஐயா ஹாபர்ப் பக்கமா?"

"ஓம். அந்தப் பக்கந்தான் வீடு" என்றேன்.

அது உண்மைதான். அதைத்தான் ஒளிந்துகொள்ளப் பயன்படுத்தினேன். ரிஸ்வான் அதற்குப் பிறகு நாலைந்து தடவை எனக்காக மொழிபெயர்த்தார். ஊர்க் கதை கதைத்தார். தன் தொலைபேசி இலக்கத்தைத் தந்து என்னுடையதையும் வாங்கினார். அந்தச் சேர் நான்தானென்று ஒரு தடவையேனும் சொல்லவில்லை.

மைதிலிக்கு மட்டும் சொன்னேன். ஹனீபா விழுந்ததையும் சேர்த்து. கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீர்க் குழாயைப் பூட்டினாள். "ஊருக்குப் போய் அவரைப் பாருங்கோ அப்பா" என்றாள். பிறகு, "இந்தக் கதையை எனக்குச் சிரிக்கப் பழக்கினது நீங்கள்" என்றாள். அவ்வளவுதான்.

பன்னிரண்டு கிழமை முடிந்தபோது நோவு பாதிக்கு மேல் இறங்கியிருந்தது. காலுறையை நானே போட்டேன். மீன்சந்தைவரை நடந்து போய் வந்தேன். தாளில் கடைசி வரி மட்டும் வெறுமையாக இருந்தது. "அதற்கு அவசரப்படாதீர்கள்" என்றார் வைத்தியர். "இடுப்பை வளைக்காமல், முழங்காலை மடக்கி இறங்குங்கள். பயிற்சியை வீட்டில் இன்னும் மூன்று மாதம் செய்யுங்கள். குண்டுங்குழியுமான தெருவில் வாகனத்தில் போகாதீர்கள்." அவருக்கு எங்கள் தெருக்கள் தெரியாது.

திருகோணமலைக்கு வந்து பத்து நாள் நான் எங்கும் போகவில்லை. பயணக் களைப்பு என்றேன். பிறகு மழை என்றேன். பிறகு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பார் என்றேன். பதினோராம் நாள் காலையில் வீட்டு வாசலில், டவுன் தெருக்களில் திரியும் மான்களில் நாலு நின்று குப்பைப்பையைக் கிழித்துக்கொண்டிருந்தன. அவற்றைத் துரத்தப் போனவன் அப்படியே நடந்து சந்தியில் ஓட்டோ ஒன்றில் ஏறினேன். திரும்பி வீட்டுக்குள் போயிருந்தால் அன்றும் போயிருக்கமாட்டேன்.

ஹனீபா வேலைக்கு வந்த காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் கடந்து, பஸ் பிடித்து, ஆறரைக்குத் துறைமுக வாசலில் நிற்பார்கள். இப்போது நீண்ட பாலம். அதைத் தாண்டியபின் ஓட்டோ துள்ளத் தொடங்கியது. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதோடு ஏதோ அறுந்து நின்றுவிட்டது. சாரதி கீழே இறங்கிக் கம்பி கட்டினார். நான் மின்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குறிஞ்சாக்கேணியில எங்க சேர் போகோணும்?"

"ஹனீபாட வீடு."

"எந்த ஹனீபா? நாலஞ்சு ஹனீபா இரிக்கே. மீன் ஹனீபாவா, மேசன் ஹனீபாவா?"

"துறைமுகத்தில வேலை செய்தவர்."

"அப்பிடி ஒராளத் தெரியாதே." கம்பியை முறுக்கியபடி யோசித்தார். "வயசான ஆளா? கள்ளநாரி ஹனீபாவா?"

வேறு வழி தெரியவில்லை. "ஓம்" என்றேன்.

ஹனீபா முற்றத்து நிழலில், முதுகுக்குத் தலையணை வைத்துக் கதிரையில் இருந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர். பார்த்தால் தெரியாது. என்னைக் கண்டதும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "சேரா?" என்று எழும்பத் தொடங்கினார். "இரியுங்கோ, இரியுங்கோ" என்று நான் சொல்லச் சொல்ல, இரு கையாலும் கதிரையை அமத்தி, முகத்தைச் சுருக்கி, முழுதாக எழும்பி நின்றுவிட்டார். நின்றாலும் அவர் பார்வை என் நெஞ்சுக்கு மேலே வரவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சேருக்குக் கதிர கொண்டா. கையுள்ள கதிர."

அவர் மனைவி கதிரையும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் கொண்டுவந்தார். நான் குடிக்குமுன் சொல்லிவிட நினைத்தேன்.

"ஹனீபா, அண்டைக்கு அந்தப் பேனை தானா விழேல்லை. நான்தான் உருட்டினனான். உங்களுக்கு நோவு உண்மை. நான் பொய்யெண்டு எழுதினனான், பேரும் வைச்சனான்."

அவர் தேநீரை ஊதினார்.

"தெரியும் சேர்."

"என்ன தெரியும்?"

"உருட்டினது. எனக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் தெரியும். உள்ள போகக்குள்ளயே செல்லுவாங்க, 'சேர் பேனைய விழுத்துவார், கவனம்' எண்டு."

"பிறகேன் குனிஞ்சனீங்கள்?"

அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு அவர் கழுத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. "குனியாம நிண்டா மரியாத தெரியாதவன் எண்டு எழுதுவீங்க. வேல போயிரும். குனிஞ்சா பொய்யன் எண்டு எழுதுவீங்க. வேல இரிக்கும். எண்ட மவன் அப்ப ஆறு மாசப் புள்ள. நான் குனிஞ்ச."

என் சோதனை நோவைக் கண்டுபிடிக்கிறது என்று அவ்வளவு காலம் நம்பியிருந்தேன். அது கண்டுபிடித்தது என்னைப் பற்றிய பயத்தை மட்டுந்தான். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல்லை அவர் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

"எனக்குச் செல்லி என்ன சேர், எனக்குத் தெரிஞ்ச கதைதானே. தெரியாதவனுக்குச் செல்லுங்க. அசருக்குப் பொறகு மவன்ட கடையில ஆக்கள் நிப்பாங்க."

அசர் தொழுகைவரை அந்த முற்றத்தில் இருந்தேன். அவர் மனைவி சோறு தந்தார். நெத்தலிக் கருவாடுதான், சீனியில்லாமல்.

கடையில் ஏழெட்டுப் பேர். ஹனீபாவின் மகன் நஸீர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். சுருக்கமாகச் சொல்ல முடியவில்லை. ஒருவர் தொலைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்ததும் ஒரு வயதானவர், "அப்ப நாம இம்பட்டுக் காலமும் எதுக்குச் சிரிச்ச?" என்று கேட்டார். வாங்குப் பலகையில் இருந்த ஒரு குறும்புக்காரர், "சேர், அது பார்க்கர் பேனையா, சாதாப் பேனையா?" என்றார். கடை சிரித்தது. நானும் பதில் சொன்னேன், "சாதாப் பேனை."

நஸீர் சிரிக்கவில்லை. பருப்புப் பையின் வாயைக் கட்டினார். கட்டியதை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார்.

"வாப்பா எங்கள ஒருநாளும் தூக்கினதில்ல" என்றார். "ஏலாது எண்டு செல்லுவார். ஊரெல்லாம் அப்பிடிச் செல்லக்குள்ள நானும் நெனச்ச சேர், மெய்யாவே ஏலாதா, இல்லாட்டி..." வசனத்தை முடிக்காமல் பருப்பைக் காத்திருந்த பெண்ணிடம் கொடுத்தார். பிறகு கடையை ஒருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் நடந்தார். நான் பின்னால் போகவில்லை. அது நான் பார்க்க உரிமையுள்ள காட்சியல்ல.

அன்றைய ஓட்டோவின் துள்ளலில் நாலு நாள் கட்டிலோடு கிடந்தேன். மூன்றாம் நாள் கொரியாவிலிருந்து ரிஸ்வான் பேசினார். கடையில் தொலைபேசியில் எடுத்த வீடியோ அவருக்கும் போயிருக்கிறது.

"சேர்தானா அது?" என்றார். இப்போது ஐயா இல்லை, சேர். "பக்கத்துக் கட்டில்லதானே கெடந்தீங்க. அண்டைக்கே செல்லியிருக்கலாமே. நான் சிரிச்சிரிக்க மாட்டனே." நாரி எப்படி என்று கேட்டேன். வேறு பகுதியில் இலேசான வேலை தந்திருக்கிறார்களாம். அதைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். பிறகு அழைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுபடி குறிஞ்சாக்கேணிக்குப் போனேன், இந்த முறை பஸ்ஸில். ஹனீபா முற்றத்திலேயே இருந்தார். கையுள்ள கதிரையில். முன்பு எனக்குப் போட்டது. இந்தத் தடவை எழும்பவில்லை.

"எண்ட பேர் போகல்ல சேர்" என்றார். "நாற்பது வருசம் ஊறின பேர். சின்னப் புள்ளயளும் அதத்தான் செல்லுது. ஆனா ஒங்களுக்கும் ஒண்டு வெச்சிட்டாங்க."

"என்ன பேர்?"

"கள்ளப்பேனை." சொல்லிவிட்டுத் தோள் குலுங்கச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். "கள்ளநாரியும் கள்ளப்பேனையும் எண்டு சோடியாச் செல்றாங்க."

பிறகு, சிரிப்பு அடங்கி, "அண்டைக்கு ஒரு துண்டு எழுதினீங்க. இண்டைக்கும் ஒண்டு எழுதித் தாங்க. நஸீர்ட கடையில ஒட்டோணும்" என்றார்.

அவர் மனைவி ஒரு கொப்பித் தாளையும் பிளாஸ்டிக் மேசையையும் கொண்டுவந்து வைத்தார். எழுதினேன்: 'குறிஞ்சாக்கேணி ஹனீபாவுக்கு மூன்று நாள் ஓய்வு தேவைப்பட்டது. நோவு உண்மை.' ஹனீபா வாசித்துக்காட்டச் சொன்னார். தாளைக் கையில் எடுக்கப் பேனையை வைத்தேன். முற்றம் சரிவு. பேனை உருண்டு, மேசை விளிம்பைத் தாண்டி, அவர் காலடியில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தோம். சத்தியமாக நான் விழுத்தவில்லை. அந்த வீட்டில் அந்தச் சத்தியத்துக்கு என்ன பெறுமதி.

ஹனீபாவின் கை கதிரைக் கையைப் பிடித்தது. அவர் முன்னால் சரியத் தொடங்கினார்.

"வேண்டாம்" என்றேன். "வேண்டாம், ஹனீபா."

வைத்தியர் சொன்னபடி இறங்கினேன். ஒரு கை மேசையில், இடுப்பை வளைக்காமல், முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. நேரம் எடுத்தது. அவர் கால்விரல்களுக்குப் பக்கத்தில் கிடந்த பேனையை எடுத்து அவரிடம் நீட்டினேன். இடக்கை தானாகவே வலது முழங்கைக்குப் போயிற்று.

அவர் பேனையை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சேர்" என்றார், "வேலைக்குத் தகுதி."

உள்ளே குசினியில் அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. பேனையைத் திரும்பத் தந்தார். தாளைத் தொடையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். எழும்பப் பார்த்தேன். நாரி விடவில்லை. பூசானில் வாங்கிவந்த பன்னிரண்டு கிழமையும் அந்த இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. ஹனீபாவால் என்னைத் தூக்கவும் ஏலாது. நஸீர் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்வரை நான் தரையில் இருந்தேன், ஹனீபா கதிரையில் இருந்தார்.